சின்னதா ஒண்ணு

சார்: அந்தச் சின்னதுல ஒண்ணு குடும்மா.

அக்கா: எத்தினி கூறு?

சார்: கூறு இல்லம்மா. ஒண்ணு. ஒரே ஒரு மீன்.

அக்கா: இது நெத்திலி சார். இதுல ஒண்ணு வாங்கி இன்னா பண்ணுவ, பல்லு இடுக்குல வச்சுக்குவியா?

சார்: கொஞ்சம் மெதுவாப் பேசேன். தெரிஞ்சவங்க போற வர்ற எடம்.

அக்கா: (குரலைத் தாழ்த்தி, எதிர் வரிசை இஸ்திரிக்காரருக்கும் கேட்கிற மாதிரி) சைவமா?

சார்: சுத்த சைவம். மூணு தலைமுறையா வீட்டுக்குள்ள முட்டை வந்ததில்ல.

அக்கா: கூச்சப்படாத சார். இந்த முக்குல பதினெட்டு வருசமா குந்தினு கீறேன். உன்ன மாரி எத்தினி பேரு கறுப்புக் கவர்ல வாங்கினு போயிருக்கான். ஒருத்தன் டாக்டர் சொன்னாருன்னுவான், ஒருத்தன் கண்ணுக்கு நல்லதுன்னுவான். நீ இன்னா சொல்லப் போற?

சார்: ஐயோ, எனக்கு இல்லம்மா. சாப்பிடப்போறது வேற ஒருத்தி.

(அருவாமனையில் கை நின்றது. கானாங்கெளுத்திக்காக அரை மணி நேரமாக அவசரப்பட்டுக்கொண்டிருந்த எனக்கும் அவசரம் போய்விட்டது.)

அக்கா: ஒருத்தியா? வீட்ல அம்மாக்குத் தெரியுமா?

சார்: தெரிஞ்சா அவ்வளவுதான். பத்தரைக்கு மேல, அவ தூங்கினப்புறம்தான் கீழ எறங்கிப் போவேன்.

அக்கா: கீழன்னா? உன் பில்டிங்குலயேவா?

சார்: கார் பார்க்கிங்ல. மூணு வாரமாச்சு. பால் குடுத்தேன், தயிர் சாதம் குடுத்தேன், பிஸ்கட் குடுத்தேன். ம்ஹூம். கிட்டயே வரமாட்டேங்கறா.

அக்கா: தயிர் சாதத்துக்கு எவ சார் வருவா?

சார்: கைய நீட்டினா ஓடிடறா.

அக்கா: கத்தி ஊரக் கூட்டாம ஓடுனாளேன்னு சந்தோசப்படு. இந்த வயசுல உனக்கு... பாக்க எப்டி இருப்பா?

சார்: நல்ல வெள்ளை. வாலு மட்டும் கறுப்பு.

(இஸ்திரிப்பெட்டி கூட ஒரு நொடி நின்றது.)

அக்கா: வாலா? அடப்பாவி மன்சா, பூனையா! அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா? பூனைன்னு சொல்லியிருந்தா ரெண்டு தலைய சும்மாவே போட்டிருப்பேன். இப்ப காசு குடு.

சார்: குடுக்கறேன். அவளை எப்டியாவது மடியில உக்கார வைக்கணும்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள.

அக்கா: ஞாயித்துக்கெழம இன்னா, அதுக்குக் கண்ணாலமா?

சார்: பேரன் சான் ஓசேல இருக்கான். ஞாயித்துக்கிழமை வீடியோ கால். "தாத்தா, கேட்டை மடியில வச்சுக் காட்டு"ன்னான். நானும் சரின்னுட்டேன்.

அக்கா: நீ சரின்னுட்ட. பூனையக் கேட்டியா?

சார்: அது எப்டிம்மா கேக்கறது?

அக்கா: அதான் மூணு வாரமா அது சொல்லிகினே கீதே, ஓடி ஓடி. சரி, நீ எப்டிப் போவ, செஞ்சு காட்டு. தோ குந்திகினு கீதே சாம்பலு, அதாண்ட போய்க் காட்டு.

(மீன் கூடைக்குப் பின்னால், ஐஸ் தண்ணீர் சொட்டும் தெர்மாகோல் பெட்டி நிழலில் ஒரு சாம்பல் நிறப் பூனை. சார் வேட்டியை மடித்துக் கட்டினார். நேராக அதன் கண்ணைப் பார்த்தபடி நடந்தார். குனிந்து, தலைக்கு மேலிருந்து கையை இறக்கி, "பூஸ்... பூஸ்... வாடா செல்லம்" என்றார். இன்னொரு கையில் செல்போன், டார்ச் எரிந்துகொண்டு. பெட்டி நிழலில் இப்போது பூனை இல்லை.)

அக்கா: சரிதான். கடன் வசூலுக்கு வந்தவன் கூட இத்தவிடப் பதவிசா வருவான். ஏன் சார், உன்னவிட பத்து மடங்கு பெருசா ஒருத்தன் மேலருந்து கைய எறக்கினு, கண்ணுல லைட்டு அடிச்சினு வந்தா நீ மடியில குந்துவியா?

சார்: அன்பாத்தானே கூப்பிட்டேன்?

அக்கா: அன்புன்னு அதுக்கு எப்டித் தெரியும்? முறைச்சுப் பாத்தா அதுங்க ஊர்ல சண்டைக்குக் கூப்புடறதுன்னு அர்த்தம். குந்து சார். தரையில குந்து. நேரா திரும்பாத, பக்கவாட்டுல. ரோட்டப் பாரு. பூனைய பாக்கவே பாக்காத. வெரல ஒண்ணு கீழ நீட்டு, அது மூக்கு ஒசரத்துக்கு. தொடாத. அது வந்து மோந்து பாக்கணும். மோந்து பாத்துட்டு போயிடுச்சுன்னா போவட்டும். பின்னாடியே போவாத.

சார்: அப்புறம்?

அக்கா: அப்புறம் இன்னா அப்புறம். நாளைக்கி அதே நேரம், அதே எடம். சாப்பாட வச்சுட்டு நவுந்துக்கோ. தெனம் ஒரு சாண் கிட்ட குந்து. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடைக்காலம், விசைப்படகு ஒண்ணு போவாது. நானே ஃபைபர் போட்டுல வர்றதுல கொஞ்சம் வாங்கியாந்து குந்தினு இருப்பேன். அப்பவும் சாம்பலு இதே பத்து மணிக்கு வந்து குந்தும். மீன் இல்லன்னாலும் குந்தும்.

சார்: நான் ஒண்ணு படிச்சேன்மா. இங்கிலாந்துல சசெக்ஸ் யுனிவர்சிட்டில 2020ல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. பூனையப் பாத்து மெதுவாக் கண்ணை மூடி மெதுவாத் தெறந்தா, அது நம்மகிட்ட வர்றதுக்கு வாய்ப்பு அதிகமாம்.

அக்கா: இதுக்கு ஒரு ஆராய்ச்சியா? இந்த முக்குக்கு வந்திருந்தா ஒரு கூறு காரப்பொடி மீனு வெலைக்கு நானே சொல்லியிருப்பேனே. பண்ணிப் பாத்தியா?

சார்: பண்ணேன். கார் அடியில அவ இருந்தா. மெதுவா மூடினேன், மெதுவாத் தெறந்தேன். தெறந்தா அவ இல்ல. அந்த எடத்துல நைட் வாட்ச்மேன் நிக்கறான். "சார், எதுக்கு சார் என்னப் பாத்து..."ன்னு இழுக்கறான்.

அக்கா: அவன் கிட்ட வந்தானா?

சார்: மறுநாள்லேருந்து பக்கத்து கேட்டுக்கு டியூட்டி மாத்திக் கேட்டுட்டான்.

அக்கா: இங்கிலாந்துக்கு எழுதிப் போடு.

சார்: கிண்டல் பண்ணாதம்மா. ஏன் அவ இவ்வளவு பயப்படறா? இடது காது நுனி வேற கொஞ்சம் இல்ல. யாரோ வெட்டியிருக்காங்க பாவம்.

அக்கா: அது பாவம் இல்ல சார். குட்டி போடாம இருக்க ஆபரேசன் பண்ணா, மயக்கத்துல கீறப்பவே காது நுனிய எடுத்துடுவாங்கோ. மறுக்காவும் அதையே புடிச்சினு போயி வயித்தக் கிழிக்காம இருக்க அடையாளம். நல்லதுதான். ஆனா எப்டிப் புடிச்சிருப்பாங்கோ? கூண்டுல மீனு வச்சு. இப்ப நீயும் மீனு வச்சினு "வாடா செல்லம்"னா, அதுக்கு இன்னா ஞாபகம் வரும்?

சார்: ...அப்ப மீனும் வேலைக்காகாதா?

அக்கா: ஆவும். நாளாவும். ஞாயித்துக்கெழம ஆவாது. குட்டியில, ரெண்டு மாசத்துக்குள்ள மன்சன் கை பட்டு வளந்ததுன்னா மடி கிடி எல்லாம் வரும். இது தெருவுலயே பொறந்து வளந்தது. பக்கத்துல குந்தினு துன்னுட்டுப் போச்சுன்னாலே பெரிய மருவாதின்னு வச்சுக்கோ. கை இன்னாது, கோடு?

சார்: இது... ரோஜாச்செடி முள்ளு.

அக்கா: வீட்ல சொன்னத இங்க சொல்லாத. பொறாண்டிச்சா?

சார்: லேசா.

அக்கா: (சிரிப்பு முழுக்க நின்று) சோப்பு போட்டுக் கழுவுனியா? ஓடற தண்ணில, பதினஞ்சு நிமிசம்?

சார்: விபூதி வச்சேன்.

அக்கா: படிச்ச மன்சன்தானே நீ? எழுந்து போயி ஊசி போடு. கெவருமெண்ட் ஆஸ்பத்திரில சும்மாவே போடறான். போட்டுட்டு வா, அதுக்கு அப்பால மீனு.

சார்: சாயந்தரம் கட்டாயம் போறேன்.

அக்கா: சாயந்தரமா? இப்ப.

சார்: இப்பதான், போற வழியில. நீ மீனக் குடு, நான் நேரா ஆஸ்பத்திரி. நேத்து மெஸ்ல ஒரு துண்டு பொரிச்ச மீன் வாங்கிட்டுப் போனேன். சட்டைப் பைல வச்சு.

அக்கா: மசாலா போட்டதா? வெங்காயம் பூண்டு அதுங்களுக்கு ஆவாது சார். பாலும் ஆவாது, வளந்த பூனைக்கு வயித்தால போவும். கருவாடும் வேணாம், உப்பு. சின்ன மீனா எடுத்து, உப்பு கிப்பு இல்லாம வேக வச்சு, முள்ள எடுத்துட்டு...

சார்: அவ தின்னல. ஆனா லிஃப்டுல வாசனை நின்னுடுச்சு. குரூப்ல பதினாலு பேரு கேட்டுட்டாங்க. கடைசில நானே சுற்றறிக்கை போட வேண்டியதாப் போச்சு. "கட்டடத்தில் மீன் வாசனை வருவதாகப் புகார். சம்பந்தப்பட்டவர் தாமாக முன்வரவும். இப்படிக்கு, செயலாளர்."

அக்கா: முன்வந்தியா?

சார்: எப்டிம்மா வர முடியும்?

(இங்கேதான் நான் இருமினேன். சிரிப்பு என்று சொல்ல முடியாது. முன்னே பின்னே தெரியாத மனிதர்.)

அக்கா: எந்த பில்டிங்கு?

சார்: அதோ, மாமரத்துக்குப் பின்னாடி. மஞ்சள்.

அக்கா: மஞ்சளா? ஆடிக்கு முன்னாடி ரெண்டாவது மாடி காலியா கெடந்துச்சே. "வாடகைக்கு. சைவம் மட்டும்"னு அட்டை தொங்கினு இருந்துச்சே.

சார்: ஆமா... முள்ளை நானே எடுக்கணுமா, நீ எடுத்துத் தருவியா?

அக்கா: என் பொண்ணும் மாப்ளயும் கேட்டு வந்தாங்கோ. அட்வான்ஸு கையில. ரெண்டு பேரும் படிச்சதுங்கோ, எட்டு மணிக்குப் போனா எட்டு மணிக்கு வருங்கோ. செக்ரட்டரி தண்ணி குடுத்து, காத்தாடி போட்டு, குந்த வச்சு சொன்னாராம். "நீங்க நல்லவங்கதான். வாசனை ஒண்ணுதான் பிரச்சினை. தப்பா நெனைச்சுக்காதீங்க"ன்னு.

சார்: வேக வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அக்கா: தப்பா நெனைக்கல. தாம்பரம் தாண்டிப் போயி வீடு எடுத்தாங்கோ.

சார்: அது அசோசியேஷன் ரூல்மா. நான் வர்றதுக்கு முன்னாடியே போட்டது. செகரட்டரின்றது வருஷா வருஷம் மாறும்...

அக்கா: உன் பூனை அட்வான்ஸு எவ்ளோ குடுத்துச்சு?

சார்: ...

அக்கா: இல்ல, கேக்கறேன். கார் பார்க்கிங்குல குடும்பம் பண்ணுது. ராவு பத்தரைக்கு செக்ரட்டரியே மீன் எடுத்தாந்து முள்ளு எடுத்து ஊட்டி வுடறேன்றாரு. அட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் பொண்ணு வெள்ளையாப் பொறந்து கறுப்பு வாலோட வந்திருக்கணும். என் தப்புதான்.

(சார் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். சொல்லிக்கொடுத்தபடி பக்கவாட்டில், ரோட்டைப் பார்த்து. இப்போது அதற்குப் பூனை காரணம் இல்லை. அக்கா நெத்திலியை ஆய ஆரம்பித்தார்: தலையைக் கிள்ளி, குடலை விரலால் வழித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று தனியாக வைத்தார். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு.)

சார்: ஒண்ணுதானேம்மா கேட்டேன்.

அக்கா: ஒண்ணு வேக வச்சா கரைஞ்சு போவும். உன் வீட்ல எதுல வேக வைப்ப? பாலு காச்சறதுலயா? நாளைலருந்து டிபன் டப்பா குடுத்தனுப்பு, எங்கூட்ல வேக வச்சு எடுத்தாறேன். பத்து ரூவா சேத்துக் குடு. பொட்டலத்த லிஃப்டுல எடுத்தினு போவாத, பார்க்கிங்குலயே முடிச்சிக்கோ.

சார்: அந்த ரெண்டாவது மாடி... ஆளு வந்துட்டாங்கம்மா. இல்லைன்னா...

அக்கா: ஆடாத சார். ஆடாத. கீழ பாக்காத.

(சாம்பல் திரும்பி வந்திருந்தது. சார் நீட்டி மறந்துபோன விரலை மோந்து பார்த்தது. ஒரு முறை. பிறகு, ஒரு முழம் தள்ளி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தது.)

சார்: (உதடு மட்டும் அசைய) கோச்சுக்கிச்சா?

அக்கா: முதுகக் காட்டினு குந்திச்சுன்னா பயமில்லன்னு அர்த்தம். எனக்கே மூணு மாசம் ஆச்சு, பாவி மன்சா, உனக்கு...

(அந்த நேரம் பார்த்து, மஞ்சள் கட்டடத்துக்காரர் ஒருவர் கையில் கீரைக்கட்டோடு வந்தார். நின்றார். மீன் கூடை, ஈரத் தரை, அதில் மடித்துக் கட்டிய வேட்டியோடு சம்மணம் போட்ட செயலாளர், பக்கத்தில் பன்னிரண்டு நெத்திலி.)

கீரைக்கட்டு: செகரட்டரி சார்! நீங்களா? மீன் கடையிலயா?

(சார் நிமிர்ந்தார். பேச்சு வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடி, மெதுவாகத் திறந்தார்.)

அக்கா: நேரா முறைச்சுப் பாக்காத சார், ஓடிடுவாரு. இப்பதான் கொஞ்சம் பழகினு வர்றாரு.