அந்தக் கிழவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

சபை கன்வென்ஷன் கடைசி நாளில் பிரசங்கியார் ஒருவர் மேடையில் மோசேயைக் கேலி செய்து நடித்த விவகாரத்தைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்று இன்பாக்ஸில் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். வீடியோவை எல்லோரும் பார்த்தாயிற்று. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மட்டும் மூன்று முறை வந்துவிட்டது. அதனால் யார், எங்கே என்ற கதையெல்லாம் மறுபடி வேண்டாம். நான்கு நாள் ஆறப்போட்டுவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆறவில்லை.

"மோசே ஒரு ஃபெயிலான லீடர்" என்று அந்தச் சகோதரர் சொன்னதுகூடப் பெரிதில்லை. மேடையில் நின்றால் வாய் அப்படித்தான் ஓடும். அதற்கப்புறம் அவர் செய்ததுதான் தாங்கவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, மைக் ஸ்டாண்டைக் கோல் மாதிரி ஊன்றி, ஒரு கையை நெற்றியில் வைத்து எட்டி எட்டிப் பார்த்தார். "ஐயோ கானான்... ஐயோ கானான்..." என்று கிழக்குரலில் இழுத்தார். கூட்டம் சிரித்தது. கீபோர்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு கோமாளிச் சத்தம் கொடுத்தார். முன்வரிசையில் சிரித்தவர்களில் எனக்குச் சண்டே ஸ்கூலில் வசனம் சொல்லிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். "விசுவாசம் இல்லாவிட்டால் நீங்களும் மலைமேல் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும்" என்று அவர் முடிக்க, ஆமென், அல்லேலூயா.

சரி. கதை தெரியாதவர்களுக்கு: ஜனங்களை எகிப்திலிருந்து நடத்திவந்த மோசே, தண்ணீருக்காகக் கன்மலையோடு, அதாவது பாறையோடு, பேசச் சொன்ன இடத்தில் அதைக் கோலால் அடித்தார். அதனால் வாக்குப்பண்ணின கானான் தேசத்துக்குள் நீ போக முடியாது, மலைமேலிருந்து பார்க்க மட்டும்தான் என்று கர்த்தர் சொல்லிவிட்டார். நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கதை வருகிற எண்ணாகமம் 20ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தீர்களா? கன்மலையை அடித்த வசனத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. முதல் வசனத்தில் என்ன இருக்கிறது? காதேசில் மிரியாம் இறந்துபோகிறாள், அங்கேயே அடக்கம் பண்ணுகிறார்கள். நைல் நதியில் குழந்தை மோசேயை வைத்த நாணற்பெட்டிக்குக் காவல் நின்ற அக்கா அவள்தான் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறோம். அந்த அக்காவைப் புதைத்தாயிற்று. அவளுக்காக யாராவது அழுததாக ஒரு வரி இல்லை. இரண்டாம் வசனத்திலேயே தண்ணீர் இல்லை என்று கூட்டம் கூடிவிடுகிறது. அத்திமரம் இல்லை, திராட்சச்செடி இல்லை, மாதுளை இல்லை, எங்களை ஏன் கொண்டுவந்தாய் என்று சண்டை. மிரியாம் இருந்தவரை அவளுக்காக ஒரு கிணறு அவர்களோடு கூடவே வந்தது, அவள் போனதும் அது வற்றிவிட்டது என்று யூத மரபில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைக் கட்டியவர்களாவது முதல் வசனத்தை வாசித்திருக்கிறார்கள்.

அப்போது மோசேக்கு வயது 120ஐ நெருங்கிவிட்டது. பார்வோன் முன்னால் போய் நிற்கும்போதே 80. நாற்பது வருஷமாக ஒரே புலம்பல். எகிப்தில் தின்ற வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், வெங்காயம், வெள்ளைப்பூண்டு என்று பட்டியல் போட்டு அழுத ஜனம் அது. துக்க வீட்டில் வந்து தண்ணீர்ச் சண்டை போட்டால் யாருக்குத்தான் வாய் தடுமாறாது? "கலகக்காரரே, கேளுங்கள்" என்றார், கோலால் இரண்டு தரம் அடித்தார். அவ்வளவுதான். தண்ணீரும் வந்தது, மிருகங்கள்கூடக் குடித்தன.

இதற்கு வரப்போகிற பதில் எனக்குத் தெரியும். "நீங்கள் என்னை விசுவாசியாமற்போனபடியினால்" என்று கர்த்தரே சொல்கிறாரே அக்கா, 12ஆம் வசனத்தைப் பாருங்கள் என்பீர்கள். பார்த்தேன். இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அந்த வசனம் எனக்குக் கஷ்டமான வசனம்தான். ஆனால் அந்த ஒரு வசனத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் 106ஆம் சங்கீதத்தையும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஜனங்கள் அவன் ஆவியை விசனப்படுத்தினதினாலே "தன் உதடுகளினால் பதறிப்பேசினான்" என்று இருக்கிறது. பதறிப்பேசினான். இந்த ஒரு சொல்லுக்காகவே நம் பழைய மொழிபெயர்ப்பைக் கும்பிடலாம். அவர்கள் நிமித்தம் மோசேக்குப் பொல்லாப்பு வந்தது என்றும் அங்கேயே இருக்கிறது. "உங்கள் நிமித்தம்" என்று உபாகமத்தில் மோசேயும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சொல்லிக்காட்டுகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வருத்தம் பிடித்திருக்கிறது.

தவறு எது என்பதிலாவது ஒரு முடிவு உண்டா? பேசச் சொன்ன இடத்தில் அடித்ததுதான் தவறு என்றார் 11ஆம் நூற்றாண்டு யூத உரைகாரர் ரஷி. கோபப்பட்டதுதான் என்றார் அவருக்குப் பின் வந்த யூத அறிஞர் மைமோனிடீஸ். அதை ஒத்துக்கொள்ளாத இன்னொரு யூத உரைகாரர் நஹ்மானிடீஸ், "தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ" என்று தாங்களே செய்வதுபோலப் பன்மையில் பேசியதுதான் குற்றம் என்ற பழைய விளக்கத்தின் பக்கம் போனார். தோராவை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களை, மூச்சாகக் கொண்டவர்களே நூற்றாண்டுக் கணக்கில் முட்டி மோதியிருக்கிறார்கள். நம் சகோதரருக்கு மூன்றே நிமிடத்தில், நடிப்போடு சேர்த்து, விளங்கிவிட்டது. ஸ்தோத்திரம்!

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. முன்னொரு தடவை ரெவிதீமில் இதே மாதிரி தண்ணீர்ச் சண்டை வந்தபோது, கன்மலையை அடி என்று சொன்னவரே கர்த்தர்தான். யாத்திராகமம் 17. கிழவர் பழைய பழக்கத்தில் அடித்திருக்கக் கூடாதா?

விசுவாசம் இல்லாதவராம். ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்ட விஷயத்தில் இவர்களை அழித்துவிட்டு உன்னைப் பெரிய ஜாதியாக்குகிறேன் என்று கர்த்தர் சொன்னபோது என்ன செய்தார்? சரி ஆண்டவரே, சித்தம் போல ஆகட்டும் என்று நம் ஆட்கள் சொல்லியிருப்பார்கள். அவர் இவர்களை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து "என் பேரைக் கிறுக்கிப்போடும்" என்றார். கானானை வேவு பார்த்து வந்தவர்கள் பேச்சைக் கேட்டு ஜனம் கலகம் பண்ணினபோதும் அதே பேச்சு வந்தது, அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. தன்னைப் பற்றிப் புறம் பேசிய அக்காவுக்குக் குஷ்டம் வந்தபோது அவளைக் குணமாக்கும் என்று கெஞ்சினார். இன்னொரு நாள், இந்த ஜனங்களையெல்லாம் "கர்ப்பந்தரித்தேனோ, இவர்களைப் பெற்றது நானோ" என்று கடவுளிடமே சண்டை போட்டார், என்னைக் கொன்றுபோடும் என்றார். நம்பாதவனுக்குச் சண்டை போட யார் இருக்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் எண்ணாகமம் 27. மலையில் ஏறித் தேசத்தைப் பார், பார்த்துவிட்டு மரித்துப்போவாய் என்று சொல்லியாயிற்று. அதற்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு என்ன? இந்தச் சபை மேய்ப்பனில்லாத மந்தையைப்போல ஆகிவிடக் கூடாது, இவர்களுக்கு ஒரு ஆளை ஏற்படுத்தும் என்பது. தன்னைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. பதவி போகும்போது மகனை உட்காரவைக்காத தலைவர். கெர்சோம், எலியேசர் என்று இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், தனக்குப் பின் தலைவராக்கக் கை வைத்ததோ யோசுவா மேல். இதை ஏன் எந்த கன்வென்ஷனிலும் பிரசங்கம் பண்ணுவதில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே" என்று ஒரு தம்பி இப்போதே டைப் பண்ணிக்கொண்டிருப்பான். தம்பி, அந்த வசனத்தை மேடையில் நடித்துக்காட்டியவருக்கு முதலில் அனுப்பு. மோசேயைப் பேசியதற்கு மிரியாமே ஏழு நாள் பாளையத்துக்குப் புறம்பே இருந்தாள். மோசே என்று ஒருவர் இருந்ததற்கே அகழாய்வில் ஆதாரம் இல்லை என்று சொல்லப்போகிற தோழர்களுக்கு: சரி தோழர், அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். உபதேசியாராக, அதாவது ஊர்ச் சபையைக் கவனிக்கிற ஊழியராக, இருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த ஊரில் பதினோரு வருஷம். ஓடு வேய்ந்த பழைய கோயிலை இடித்துவிட்டுப் புது ஆலயம் கட்ட வேண்டும் என்று ரசீதுப் புத்தகத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு சுற்றியவர். கைப்பிடி அரிசியை வீடுவீடாக வாங்கி, அளந்து, விற்று, சில்லறையை எண்ணி நோட்டில் எழுதுவார். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. ஒரு லோடு மணல் கணக்கில் வரவில்லை என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாள் அது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கூட்டத்துக்கு வந்திருந்தார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒருவர் கேட்கவில்லை, மணலைத்தான் கேட்டார்கள். அப்பா மேஜையில் அடித்தார். ஒரு தரமா இரண்டு தரமா என்று நான் எண்ணவில்லை, வெளியே வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். டீ கிளாஸ் விழுந்து உடைந்த சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த மாதம் மாற்றல். மணல் ரசீது பிறகு இன்னொருவர் வீட்டில் இருந்து கிடைத்தது. யாரும் வந்து சொல்லவில்லை, எங்களுக்குக் காற்றுவாக்கில் தெரிந்தது. கட்டி முடித்த ஆலயத்தின் பிரதிஷ்டைக்கு அழைப்பும் வரவில்லை. அதற்கப்புறம் அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அப்பா வலது பக்க ஜன்னலோரம் பார்த்து உட்காருவார். கோபுரம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொள்வார். ஒன்றும் சொல்ல மாட்டார். "கோபத்தால் ஆசீர்வாதத்தை இழந்துவிட்டார்" என்று அவர் அடக்கத்துக்கு வந்த ஒருவரே என் காதுபட இன்னொருவரிடம் சொன்னார்.

இது உன் சொந்தக் கதை, இதற்கும் வேதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். வாங்கின கார், கட்டின வீடு, கிடைத்த விசா, இவைதான் விசுவாசத்துக்கு அத்தாட்சி என்று வாராவாரம் சொல்கிறீர்களே, அது யார் சொந்தக் கதை? எபிரெயர் 11ஆம் அதிகாரத்தை விசுவாச வீரர்களின் பட்டியல் என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுக்கிறோம். மோசே அதில் இருக்கிறார். அந்த அதிகாரம் எப்படி முடிகிறது? இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும் "வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்." எல்லாரும் என்று இருக்கிறது. கானானுக்குள் போகாததால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடாது. இதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆயிரம் தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

நேபோ மலை இன்று ஜோர்டான் நாட்டில், மதபா ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே நின்றால் சவக்கடலும் யோர்தான் பள்ளத்தாக்கும் எரிகோப் பக்கமும் தெரியும். பரிசுத்த நாட்டுப் பயணம் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற நம் சகோதரரும் அங்கே நின்று செல்ஃபி எடுத்துப் போட்டவர்தான், நான்கூட லைக் போட்டேன். அந்த மலையில் ஏறிய கிழவரின் கண் இருளடையவில்லை, பெலன் குறையவில்லை என்று எழுதியிருக்கிறது. கூன் எங்கிருந்து வந்தது சகோதரரே? கர்த்தரே அடக்கம்பண்ணினார் என்று எழுதியிருக்கிற ஆள் அவர் ஒருவர்தான். அவருக்காக முப்பது நாள் அழுதார்கள். நீங்கள் சிரித்தீர்கள்.

அப்பாவின் வேதாகமம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உபாகமம் மூன்றாம் அதிகாரத்தில், நான் கடந்துபோய் அந்த நல்ல தேசத்தைப் பார்க்கட்டும் என்று மோசே கெஞ்சுகிற இடம். "போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்" என்ற பதிலுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில் ஒரு தேதி. அது ஆலயப் பிரதிஷ்டை நடந்த நாள்.

அந்த வீடியோவைத் தயவுசெய்து கமெண்டில் போடாதீர்கள். நேற்று அம்மாவின் போனுக்கும் வந்துவிட்டது. அம்மாவுக்கு வீடியோ திறக்கத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.