ஹாலிஃபாக்ஸ் கல்லறையில் இருப்பவர் ஜாக் அல்ல

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸில் 'ஜே. டாசன்' என்று பொறித்த கல்லறை ஒன்று இருக்கிறது. டைட்டானிக் படத்தில் வரும் ஜாக் டாசன் நிஜ மனிதர்தான், இதோ ஆதாரம் என்று அதன் படத்தைப் பகிர்கிறார்கள். இது தவறு. ஜாக் கற்பனைப் பாத்திரம். 227 என்று எண்ணிட்ட அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பவர் டப்ளினில் பிறந்த ஜோசப் டாசன். டைட்டானிக் கப்பலின் கொதிகலன்களுக்கு நிலக்கரி அள்ளிக்கொடுத்த தொழிலாளி. வயது 23தான். அவருடைய பெயரைச் சினிமாவுக்குக் கொடுத்துவிடுவது எனக்கு வலிக்கிறது.

கப்பல் மூழ்கியபோது பிழைத்தவர்கள் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். இறந்தவர்களைத் தேடி ஹாலிஃபாக்ஸிலிருந்து போன மக்கே-பென்னட் என்ற, கடலடித் தந்திக் கம்பிகளைப் பராமரிக்கும் கப்பல் 306 உடல்களை மீட்டது. அந்த ஊரின் மூன்று இடுகாடுகளில் 150 பேர் இருக்கிறார்கள். பலருடைய கல்லில் பெயர்கூட இல்லை. எண்ணும் இறந்த தேதியும் மட்டும்தான்.