ஊதலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

காட்டு வாத்து வேட்டைக்குப் போகிற பலர் ஊதி ஊதியே வாத்தை விரட்டிவிடுகிறார்கள். வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் போதும், வாத்துக் குரலில் ஒலி எழுப்பிப் பறவையை அழைக்கக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் ஊதலைச் சும்மா விட மனசு வராது.

மல்லார்டு என்ற காட்டு வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உரத்த 'குவாக்' பெட்டையின் குரல். ஆண் கரகரவென்று மெல்லத்தான் கத்தும். ஊதலுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடான ரீட் அந்தப் பெட்டைக் குரலுக்காகத்தான். கன்னத்தை உப்பி ஊதினால் அது வராது, அடிவயிற்றிலிருந்து மூச்சை முக்கித் தள்ள வேண்டும். சரி, அதைப் பழகிக்கொள்ளலாம். எப்போது நிறுத்துவது என்பதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை.

கூட்டம் விலகிப் போகிறதா, வாலும் இறக்கை நுனியும் தெரிகிறதா, அப்போது ஊதுங்கள். திரும்பிவிட்டால் சத்தத்தைக் குறையுங்கள். அலகு நம்மை நோக்கி வந்துவிட்டால் ஊதவே கூடாது. நேரே வருகிற பறவை சத்தம் வந்த இடத்தைத்தான் உற்றுப் பார்க்கும். அங்கே பதுங்கியிருப்பது நீங்கள். மிதக்கவிட்ட பொம்மை வாத்துகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பலத்த காற்றில் உரக்க ஊதலாம், அசையாத காற்றில் அதே சத்தம் காரியத்தைக் கெடுத்துவிடும். சீசன் கடைசியில் வருகிற பறவைகளோ வழியெல்லாம் ஊதல் சத்தம் கேட்டு உஷாராகிவிட்டவை.

அமெரிக்காவின் அர்கன்சாஸில், ஸ்டட்கார்ட் ஊரில் 1936 முதல் உலக வாத்து அழைப்புப் போட்டி நடக்கிறது. முதல் வருடம் ஜெயித்தவர் ஊதலே இல்லாமல் தொண்டையால் கத்தித்தான் ஜெயித்தார், பரிசு 6.60 டாலர் மதிப்புள்ள வேட்டைக் கோட்டு! போட்டியைக் குறை சொல்லவில்லை, கேட்க அற்புதமாக இருக்கும். ஆனால் அங்கே மார்க் போடுவது மனிதர்கள். அந்த மேடை வித்தையை அப்படியே சதுப்பு நிலத்துக்குக் கொண்டுவருவதுதான் வினை. அதைவிட, தண்ணீரில் நிம்மதியாக மேய்கிற கூட்டத்தின் பக்கம் துப்பாக்கி இல்லாமல் போய் உட்கார்ந்து கேட்கலாம். அவை எவ்வளவு நேரம் சும்மா இருக்கின்றன என்பது புரியும்.

பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டு வாத்து வேட்டையாட அமெரிக்காவில் தடை இருக்கிறது. உயிர் வாத்தைக் கட்டிவைத்து மற்ற வாத்துகளை வரவழைப்பதை 1935-லேயே தடுத்துவிட்டார்கள். இரண்டும் நியாயம் என்பேன். மெஷின் பொத்தானை அமுக்கினவன் பறவையைக் கவனிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம், கை சும்மா இருக்காது என்பவர்கள் ஒரு விசில் வைத்துக்கொள்ளட்டும். ஊசிவால் வாத்திலும் பச்சை இறக்கைக் கிளுவையிலும் ஆண்கள் விசிலடிக்கும். சுற்றியிருக்கிற எல்லோரும் 'குவாக்' என்று கத்தும்போது அந்த விசிலுக்குத் திரும்புகிற மல்லார்டுகளும் உண்டு.