பழைய பாராளுமன்றம் ஒல்லாந்தர் கட்டியதல்ல

“காலிமுகத்திடல் ஜனாதிபதி செயலகக் கட்டடம் ஒல்லாந்தர் காலத்து மாளிகை” என்றொரு செய்தி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது தவறு.

பழைய பாராளுமன்றம் என்று நாம் சொல்வது இந்தக் கட்டடத்தைத்தான். பிரித்தானியர் ஆட்சியில், அன்றைய சட்டமியற்றும் அவையான சட்டநிரூபண சபை கூடுவதற்கென்றே எழுந்த கட்டடம் அது. தேசாதிபதி ஹெர்பர்ட் ஸ்டான்லி 1930 ஜனவரி 29 அன்று திறந்துவைத்தார். வடிவமைத்தவர் பொதுவேலைத் திணைக்களத்தின் ஒஸ்டின் வுட்சன். வரிசையாக நிற்கும், பண்டைய கிரேக்கப் பாணியிலான அயோனிக் தூண்களைப் பார்த்துப் பலர் பழமையானதென்று நம்பிவிடுகிறார்கள் போலும். உண்மையில் கட்டடத்தின் பாணி நவ பரோக்; அதாவது, பழைய ஐரோப்பிய பரோக் கட்டடக்கலையைப் பிற்காலத்தில் பின்பற்றிய பாணி. சட்டநிரூபண சபைக்குப் பின் வந்த, சர்வசன வாக்குரிமையில் தெரிவான அரசாங்க சபை 1931இல் கூடியது இங்கேதான். அந்தப் பெருமையை ஒல்லாந்தர் கதை மறைத்துவிடுகிறது. 1982இல் பாராளுமன்றம், ஜெப்ரி பாவா வடிவமைத்த கோட்டே கட்டடத்துக்கு மாறியது.

பாராளுமன்ற இணையத்தளத்தின் வரலாற்றுப் பக்கத்தில் திறப்புத் திகதியைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனிப் பகிராதீர்கள்.