குற்றவாளி எப்போதும் என் ரவுட்டர்தான்

கொழும்பில் வீட்டில் இருந்துகொண்டு லண்டன்காரருக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது லண்டனில் இருக்கிற சேர்வரின் திரையை என் லப்டொப்பில் திறந்து வைத்து. இன்றைக்குக் காலை 9:05க்கே லொகின் பூட்டுப்பட்டுவிட்டது. பாஸ்வேர்டை நான் மறக்கவில்லை. பிழையாக அடிக்கவுமில்லை. என் லப்டொப்பில் இருப்பது அமெரிக்க விசைப்பலகை. லண்டன் சேர்வரோ என் விரலுக்குக் கீழே பிரித்தானிய விசைப்பலகை இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வகையில் ஷிப்டையும் 2ஐயும் சேர்த்து அமத்தினால் @ வராது, இரட்டை மேற்கோள்குறி வரும். ரிமோட் டெஸ்க்டாப்புக்குள் நுழைகிற முதல் பாஸ்வேர்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது என் கம்பியூட்டரிலேயே அடிபடுகிறது. உள்ளே போய்க் கணக்கு மென்பொருளைத் திறக்கும்போது கேட்கிற இரண்டாவது பாஸ்வேர்டில்தான் வினை. என்ன விழுகிறது என்று பார்க்கவும் வழியில்லை, எல்லாம் கறுப்புப் புள்ளி. மூன்று தடவை அடித்தேன், முடிந்தது கதை. நான் மாற்றி வைத்திருந்த அமைப்பை இரவோடு இரவாக ஏதோ அப்டேட் பழையபடி ஆக்கியிருக்கிறது.

பூட்டைத் திறக்கிற ஐடி ஆட்கள் லண்டனில். இங்கே காலை 9 என்றால் இப்போது அங்கே விடிகாலை 4:30. அவர்கள் 9 மணிக்கு வந்து கோப்பியும் கையுமாக உட்காரும்போது கொழும்பில் பகல் 1:30. ஒக்டோபர் கடைசி ஞாயிறு வந்தால் அது 2:30 ஆகிவிடும். அவர்கள் எழும்புவதற்குள் கணக்கு முடிந்திருக்க வேண்டும் என்றுதானே எங்களைக் காலையிலேயே உட்கார வைத்தார்கள்? நாலரை மணித்தியாலம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

1:40க்குப் பதில் வந்தது. திறந்துவிட்டார்களாம். கூடவே ஒரு வரி: உங்கள் பக்கத்து இன்டர்நெட்டையும் ஒருக்கா பார்த்துக்கொள்ளுங்கள்.

@ குறிக்கும் என் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம் ஐயா?

தூரம் ஒரு பிரச்சினைதான், இல்லை என்று நான் சாதிக்கவில்லை. கொழும்பிலிருந்து லண்டன் நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 8,700 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர 87 மில்லிசெக்கனாவது வேண்டும், கேபிள் நேர்கோட்டிலும் போவதில்லை. நான் அளந்து பார்க்கும்போது 170 அளவில் நிற்கும். அதாவது நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் லண்டன் போய்த் திரும்பி வந்துதான் என் திரையில் தெரிகிறது. 4500 என்று அடித்துவிட்டு நிமிர்ந்தால் 45 மட்டும் நிற்கும். பூச்சியம் விழவில்லையாக்கும் என்று இன்னும் இரண்டைத் தட்டுவேன், பிறகு எல்லாம் ஒன்றாக வந்து 450000 என்று குந்தியிருக்கும். அடுத்த அறையிலிருந்து அம்மா, "பிள்ளை, ஆரோட சண்டை பிடிக்கிறாய்?" என்பார். ஆரோடு என்று சொல்வது!

அதோடும் பழகிவிட்டேன். 2025 செப்டெம்பரில் ஜித்தாவுக்குக் கிட்ட செங்கடலில் கடலடி இன்டர்நெட் கேபிள்கள் அறுந்தன, கொழும்பிலும் கரையேறுகிற சீ-மீ-வீ 4 கேபிள் அதில் ஒன்று. மைக்ரோசொப்டே அஷூர் என்கிற தன் கிளவுட் சேவையில் தாமதம் கூடும் என்று அறிவித்தது. அந்த நாட்களில் நான் வாயே திறக்கவில்லை. கடலுக்கடியில் அறுந்ததற்கு யாரைப் பிடித்து ஏசுவது?

மற்ற நாட்களுக்கு என்ன சாக்கு? 16 ஜிபி ராம் (வேலை நினைவகம்) மட்டும் உள்ள ஒரு சேர்வரில் 14 பேரை ஏற்றியிருக்கிறார்கள். காலி வீதியில் மாலை 5 மணிக்கு வருகிற 100ஆம் இலக்க பஸ் இதைவிட மேல், அதிலாவது படியில் தொங்கலாம். மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் அறிக்கை எடுத்தால் எக்செல் வெள்ளையாகிச் செத்துப்போகும். முறைப்பாடு செய்தால் ஸ்பீட் டெஸ்ட் எடுத்து அனுப்பு என்பார்கள். எடுத்தேன், அனுப்பினேன், 90க்கு மேலே காட்டியது. ரவுட்டரை அணைத்துப் போடு என்றார்கள். போட்டேன். அந்தப் பட்டன் தேய்ந்தே போய்விட்டது.

உச்சம் போன வருடம் நடந்தது. ஒருநாள் காலை ஒருவராலும் உள்ளே போக ஏலவில்லை. வெள்ளவத்தையில் நான், கொட்டாஞ்சேனையில் ஒரு தங்கச்சி, தெஹிவளையில் இரண்டு பேர், எல்லோருக்கும் ஒரே செய்தி: லைசன்ஸ் சேர்வர் இல்லை. அதுவே வாய்விட்டுச் சொல்கிறது, பாருங்கள். விண்டோஸ் சேர்வரில் ரிமோட் டெஸ்க்டாப் சேவையைப் போட்டால் லைசன்ஸ் வாங்க 120 நாள் அவகாசம் உண்டு. அது முடிந்தால் கதவு அடைபடும். வாங்க வேண்டியவர்கள் வாங்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் லண்டனிலிருந்து முதலில் வந்த பதில் என்ன தெரியுமா? ஸ்ரீலங்காவில் ஏதும் கரண்ட் பிரச்சினையா என்று. நாலு வீட்டில், நாலு லைனில், ஒரே நிமிடத்தில்!

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூடக் கரண்ட் வெட்டிய காலத்தில் இந்த ரிமோட் டெஸ்க்டாப்தான் என்னைக் காப்பாற்றியது, நன்றி மறக்கக் கூடாது. இங்கே இருட்டானாலும் அங்கே ஃபைல் திறந்தபடியே காத்திருக்கும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் தொடர்ந்தேன். இருந்த அந்த ஒரே நன்மையும் இப்போது போச்சு. ராமை மிச்சம் பிடிக்க, தொடர்பு அறுந்து 15 நிமிடமானால் தானாகவே லொக் அவுட் ஆகும்படி வைத்துவிட்டார்கள். சேவ் பண்ணாதது சாம்பல். ராம் வாங்கிப் போட்டால் என்னவாம்?

இதை எழுதும்போது மாலை 4:20. லண்டனில் எல்லோரும் வேலைக்கு வந்து ஏறிவிட்டார்கள் போல. என் திரை மங்கி, மீண்டும் இணைக்கிறது, 20இல் 7ஆவது முயற்சி என்று காட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதுதான் செய்தியும் வந்தது, ரவுட்டரை ஒருக்கா அணைத்துப் போடச் சொல்லி. அதே ரவுட்டரில், அடுத்த அறையில், அம்மா கத்தரிக்காய்ப் பால்கறி வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.