நியூயார்க்–லண்டன் பயண நேர வித்தியாசத்துக்குக் காரணம் பூமி சுழல்வதா?

“பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், அதே திசையில் பறக்கும் நியூயார்க்–லண்டன் விமானம் சீக்கிரம் போய்விடுகிறது, திரும்பும்போது சுழற்சியை எதிர்ப்பதால் தாமதமாகிறது” என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நேர வித்தியாசம் உண்மை. சொல்லப்படும் காரணம் தவறு.

ஓடுபாதையில் நிற்கும் விமானமும் அதைச் சூழ்ந்த காற்றும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கின்றன. மேலே எழும்பியதும் அந்த வேகம் கழன்றுவிடுவதில்லை. கழன்றுவிடும் என்றால், மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே நகரும் லண்டனை, 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் எட்டிப்பிடிக்கவே முடியாது!

உண்மைக் காரணம் ஜெட் ஸ்ட்ரீம். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் வேகமான காற்றோட்டம் அது. இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 5,540 கிலோமீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால், வானில் ஐந்தேகால் மணி நேரம். அதே காற்று எதிர்த்தால் ஏழரை மணி நேரத்தை நெருங்கும். 2020 பிப்ரவரியில், கியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடங்களில் லண்டனை அடைந்தது. சுழற்சிதான் காரணம் என்றால் தினமும் ஒரே நேரம்தானே ஆக வேண்டும்? (காற்றோட்டம் கிழக்கே திரும்புவதில் பூமியின் சுழற்சிக்குப் பங்குண்டு. ஆனால் விமானத்தைத் தள்ளுவது காற்றுதான்.)

டிக்கெட்டைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். லண்டனில் காலை 11 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு இறங்கினால் அது மூன்று மணி நேரப் பயணமல்ல, எட்டு மணி நேரம். நியூயார்க் கடிகாரம் வழக்கமாக ஐந்து மணி நேரம் பின்தங்கியிருக்கும்.