காமிக்ஸ் பெண்களுக்கு மையால் ரவிக்கை போட்டால் போதுமா?

ஜூலையில் நெய்வேலி புத்தகக் கண்காட்சி களைகட்டினால், கடலூர் புதுச்சேரி காமிக்ஸ் வாசகர்கள் நடுவே இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடும். “கதை சூப்பர். ஆனா வீட்ல புள்ளைங்க கண்ணுல படுற மாதிரி வைக்க முடியல. அந்தப் பொண்ணு டிரெஸ்ஸ கொஞ்சம் எடிட் பண்ணிப் போட்டா என்ன?” நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் கை வைக்கும் இடம் தப்பு. உடை குறைவாக இருப்பது ஒரு பிரச்சினை. கதையில் அந்தப் பெண்ணுக்கு வேலையே இல்லாதது வேறு பிரச்சினை. முதலாவதை மறைக்க ஒரு சொட்டு மை போதும். அப்படி மறைத்ததும் இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம் பாருங்கள், அங்கேதான் கோளாறு.

1984-ல் தமிழில் இரண்டு காமிக்ஸ் இதழ்கள் பிறந்தன. ராணி காமிக்ஸின் முதல் இதழ் ஜேம்ஸ் பாண்டின் ‘அழகியைத் தேடி’. லயன் காமிக்ஸின் முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. மாடஸ்டி பிளெய்ஸ் என்ற சாகசக்காரிதான் இதன் நாயகி. தலைப்பில் அவள் கத்தி முனையில் மாட்டியிருக்கலாம். ஆனால் அவள் கதைகளில் மாட்டுவதும் தப்பிப்பதும் திருப்பி அடிப்பதும் அவளேதான். பீட்டர் ஓ’டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, 1963-ல் லண்டன் செய்தித்தாள் ஒன்றில் தொடங்கிய தொடர் அது. மாடஸ்டியிடம் ஒரு பிரபலமான உத்தி உண்டு: மேலாடை இல்லாமல் எதிரிகள் இருக்கும் அறைக்குள் நுழைவாள், அவர்கள் ஒரு நொடி உறைந்து நிற்பார்கள், அந்த நொடியில் அவளுடைய கூட்டாளி வில்லி கார்வின் பாய்வார். இந்திய மறுபதிப்புகளில் இந்த மாதிரிக் கட்டங்களுக்கு மையால் சட்டை வரைவது பழைய பழக்கம். சட்டையை வரைந்துவிட்டால், கழுத்துவரை மூடிய ஒரு பெண்ணைப் பார்த்து நாலு தடியன்கள் ஏன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள் என்பது படிப்பவனுக்கு விளங்காது.

அந்த உத்தி ஆண் கண்ணுக்காகவே எழுதப்பட்டது. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனாலும் திட்டம் போடுவது மாடஸ்டி, வில்லி அவள் சொல் கேட்பவர், இருவருக்கும் நடுவே காதல் கிடையாது, முடிவும் அவள் கையில். சட்டை போட்ட பல கதாநாயகிகளுக்கு இதில் ஒன்றுகூட வாய்ப்பதில்லை.

சட்டம் போட்டும் பார்த்தாயிற்று. பிரான்சில் 1949 ஜூலையில் சிறார் பத்திரிகைகளுக்கான சட்டம் வந்தது, கண்காணிக்க ஒரு குழுவும் வந்தது. எது குற்றமாகும் என்று தெரியாத பதிப்பகங்கள் பெண் பாத்திரத்தையே குறைத்துக்கொண்டன. பிரெஞ்சு, பெல்ஜியக் குழந்தைக் கதைகளில் ஊர் முழுக்க ஆண்களாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யோகோ த்சுனோ என்ற எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் பெண் பெல்ஜியத்தின் ‘ஸ்பிரூ’ இதழில் நாயகியாக வர 1970 ஆயிற்று. அமெரிக்காவில் பதிப்பகங்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட விதித்தொகுப்பான 1954-ன் காமிக்ஸ் கோட், பெண்களை உடலமைப்பை மிகைப்படுத்தாமல் இயல்பாக வரைய வேண்டும் என்று எழுதியே வைத்தது. இரண்டு வருடம் கழித்து, 1956-ல் பேட்வுமன் வந்தாள். உடம்பெல்லாம் மூடிய உடைதான். கையில் ஒரு ஹேண்ட்பேக். அதற்குள் பவுடர் பஃப், வளையல், கூந்தல் வலை, இவைதான் ஆயுதம். அவளுக்குப் பெரிய வேலை பேட்மேனைக் காதலிப்பது. கோட் கேட்டதெல்லாம் கொடுத்தாயிற்று. பெண்ணுக்கு என்ன கிடைத்தது?

அதனால்தான் “கண்ணியமா இருக்கா” என்று பார்ப்பதைவிட எண்ணிப் பாருங்கள் என்கிறேன். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு கதை. அமெரிக்க இதழ் என்றால் 20-22 பக்கம், பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம், மொத்தம் நூற்றுச் சொச்சம். டெக்ஸ் வில்லர் மாதிரி இத்தாலியக் கதை 110 பக்கம், அறுநூறு கட்டத்தைத் தொடும். முழுசும் எண்ண முடியாதவர்கள் தொடக்கம், நடு, முடிவு என்று பத்துப் பத்துப் பக்கம் எடுத்தால் போதும். பெண் இருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று ஒரே ஒரு வினைச்சொல் எழுதுங்கள். சுட்டாள், பொய் சொன்னாள், பூட்டைத் திறந்தாள், அழுதாள், பார்த்தாள். பக்கத்தில், கட்டத்தின் ஓரம் அவளை எங்கே வெட்டுகிறது என்று குறியுங்கள்: முகம் உள்ளே இருக்கிறதா, கழுத்தோடு போய்விட்டதா. மூன்றாவதாக, அவள் செய்ததால் அடுத்த கட்டத்தில் ஏதாவது மாறியதா. இந்த மூன்றாவது வரிசை காலியாகவே போகும் கதைகள் எத்தனை என்று பார்த்தால் மலைத்துப் போவீர்கள்.

வெறுமனே “எத்தனை கட்டத்தில் பெண் வருகிறாள்” என்று எண்ணினால் ஏமாறுவீர்கள். சந்தைக் காட்சியில் கூட்டத்துக்கு நிற்கும் பெண்கள் கணக்கை ஏற்றிவிடுவார்கள். வசனம் எழுதும் பேச்சு பலூனை எண்ணினாலும் இதே கதை: “ஐயோ!”, “காப்பாத்துங்க!” எல்லாம் பலூன்தானே. அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் அலிசன் பெக்டலின் 1985 சித்திரத்தில் வரும் சோதனை பலருக்கும் தெரியும். இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், ஒருவரோடொருவர் பேச வேண்டும், பேச்சு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அதை ஒரே ஒரு புத்தகத்தின் மேல் போட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது. தனியாள் சாகசக் கதை தோற்கும், இரண்டு பேர் புடவை விலை பேசும் கதை ஜெயித்துவிடும். ஒரு அலமாரி முழுவதற்கும், ஒரு வருடத்துச் சந்தா முழுவதற்கும் போட்டுப் பார்த்தால்தான் அது பேசும். ஒற்றைக் கதைக்கு காமிக்ஸ் எழுத்தாளர் கெல்லி சூ டிகோனிக் சொன்ன விளக்குச் சோதனை மேல். பெண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மேசை விளக்கை வையுங்கள். கதை அப்படியே ஓடினால் எழுதியவர் மறுபடி உட்கார வேண்டும்.

அடுத்தது சாவு. 1994-ல் கிரீன் லேன்டர்ன் என்ற சூப்பர் ஹீரோ கதையில் நாயகனின் காதலியைக் கொன்று ஃபிரிட்ஜுக்குள் திணித்து வைக்கிறான் வில்லன். நாயகனுக்குக் கோபம் வர வேண்டும், அவ்வளவுதான் காரணம். 1999-ல், பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெய்ல் சிமோன் இதே மாதிரிக் கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியல் போட்டார். உடனே “ஆம்பளை ஹீரோவும்தான் அடிபடறான்” என்று பதில் வந்தது, இன்றும் வருகிறது. அடிபடுகிறான்தான். பிறகு? 1993-ல் முதுகெலும்பு முறிந்த பேட்மேன் அடுத்த வருடமே எழுந்து கூரை மேல் குதித்தார். 1988-ல் சுடப்பட்ட ‘பேட்கேர்ள்’ பார்பரா கார்டன் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்தது 2011-ல். இதில் இன்னொரு பக்கமும் உண்டு: எழுத்தாளர்கள் கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும் 1989-லேயே பார்பராவை ‘ஆரக்கிள்’ என்ற தகவல் மூளையாக மாற்றினார்கள். நாற்காலியில் இருந்தபடியே ஹீரோக்களை வழிநடத்திய அவளை இழந்ததில் மாற்றுத்திறனாளி வாசகர்கள் பலருக்கு வருத்தம். ஆக, அடிபடுவதோடு கணக்கு முடிவதில்லை. அடிபட்ட பிறகு அவளுக்கென்று பக்கம் ஒதுக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி.

நம்ம ‘தல’, கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரை எடுங்கள். கல்லெறிய வேண்டாம், எனக்கும் பிடித்த தொடர்தான். 1948-ல் தொடங்கியது. நவஜோ பழங்குடிப் பெண்ணான மனைவி லிலித் அம்மை நோயில் இறந்துபோக, மகன் கிட் மிஞ்சுகிறான். அதற்குப் பிறகு டெக்ஸ், கார்சன், கிட், டைகர் ஜாக் என்று நாலு ஆண்கள் எழுபது வருடத்துக்கு மேலாகக் குதிரையில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். “குடும்பத்தோடு படிக்கலாம்” என்று நாம் தைரியமாக நீட்டுவது இந்தத் தொடரைத்தான்.

வரைபவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதுச்சேரியிலும் கடலூரிலும் டேப்லெட்டில் வரையும் பிள்ளைகள் இப்போது நிறைய. மார்பும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் தெரிகிற அந்த முதுகொடிந்த போஸை அப்படியே பார்த்து வரைகிறார்கள். மனித உடம்பு இடுப்பை அசைக்காமல் ஒரு பக்கம் திரும்புவது ஏறக்குறைய 45 பாகை. அதிலும் பெரும்பங்கு விலா எலும்புப் பகுதியில். கீழ் முதுகின் எலும்புகள் ஒவ்வொன்றும் ஓரிரு பாகைக்கு மேல் சுழலாது. படத்திலோ முழுத் திருகலும் ஒடுங்கிய இடுப்பில் நடக்கிறது. அந்தப் பெண் உயிரோடு இருக்க முடியாது. கோட்டோவியத்தில் முதலில் முதுகுத்தண்டை ஒரே வளைவாகப் போடுங்கள், விலாக்கூட்டை முட்டையாகவும் இடுப்பைப் பெட்டியாகவும் வையுங்கள், இரண்டின் முன்பக்கமும் எந்தத் திசை பார்க்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். அம்புகளுக்கு நடுவே 45 பாகையைத் தாண்டினால் அங்கேயே அழித்துவிடலாம். உடை, முடி, நிழல் எல்லாம் போட்ட பிறகு அழிக்க யாருக்கும் மனசு வராது. பெரும்பாலான தப்பு அச்சுக்குப் போவது இந்தக் காரணத்தால்தான். நிற்கும் உருவத்துக்கு, கழுத்துக் குழியிலிருந்து நேர்கோடு இறக்கினால் அது இரண்டு பாதங்களுக்கு இடையில் விழ வேண்டும். ஹைஹீல்ஸ் போட்டுச் சண்டைக்கு நிற்கும் பெண்ணை இப்படிச் சோதித்தால் பாதிப் பேர் குப்புற விழுவார்கள்.

சந்தேகமிருந்தால் அதே போஸில் ஹீரோவை வரையுங்கள். 2012-ல் மார்வெல்லின் வில்லாளி ஹாக்ஐ பாத்திரத்தை வைத்து ரசிகர்கள் இணையத்தில் செய்தது இதைத்தான். 2014-ல் இத்தாலிய ஓவியர் மிலோ மனாரா வரைந்த ஸ்பைடர்-வுமன் அட்டைக்கு அத்தனை எதிர்ப்பு கிளம்பியதும் போஸை வைத்துத்தான். உடை கழுத்திலிருந்து கால்வரை மூடியே இருந்தது!

கவசத்துக்கு வருவோம். மார்புக்குத் தனித்தனியாக இரண்டு கிண்ணம் வைத்த இரும்புக் கவசத்தை கேம், காஸ்ப்ளே (பாத்திரங்களைப் போல வேஷம் போடுவது) எல்லாவற்றிலும் பார்க்கிறோம். கவசத்தின் வேலை அடியை வெளிப்பக்கமாக வழுக்கிவிடுவது. இரண்டு கிண்ணத்துக்கு நடுவில் பள்ளம் இருந்தால் கத்தி முனை வழுக்கி நேராக நெஞ்செலும்புக்கு வரும். முன்புறம் ஒரே புடைப்பாக, உள்ளே பஞ்சு மெத்தை வைக்க இடம் விட்டுச் செய்ததுதான் நிஜக் கவசம். அதற்குள் ஆணும் நுழையலாம், பெண்ணும் நுழையலாம். புதுச்சேரிக்காரர்கள் இதற்கு அயலூர் போக வேண்டாம். கப்ஸ் கோயிலுக்கு எதிரே சிலையாக நிற்கும் பிரெஞ்சு வீராங்கனை ழான் தார்க்கை (ஜோன் ஆஃப் ஆர்க்) நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு 1429-ல் கவசம் செய்த கொல்லருக்கு 100 லீவ்ர் கொடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது. போர்க்களத்தில் அம்பு பட்டும் மறுபடி சண்டைக்கு வந்தவள்.

சேலை கட்டிய பெண்ணை வரைவதற்குக் கடலூர் துறைமுகத்தின் அதிகாலையைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது. (கேட்டுவிட்டு வரையுங்கள், ஃபோனைத் திருட்டுத்தனமாக நீட்டாதீர்கள்.) கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருப்பார்கள், முந்தானை இடுப்பைச் சுற்றி இறுக்கியிருக்கும். தலையில் சும்மாடு, அதன் மேல் மீன் அன்னக்கூடை. பாரம் கழுத்து வழியாக நேராகக் குதிகாலுக்கு இறங்குகிறது, ஒரு கை மேலே, இன்னொரு கை வீச்சில். துணி மடிப்பு மூன்றே இடத்திலிருந்து கிளம்பும்: செருகிய இடம், தோள், முழங்கால். நம் ஓவியர்களுக்கு முந்தானை என்றால் காற்றில் பறக்க வேண்டும். வேலை செய்கிற பெண்ணின் முந்தானை பறக்காது.

விடுதலைப் போராட்ட வீராங்கனை கடலூர் முதுநகர் அஞ்சலையம்மாளைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டுப் பக்கம் போடுவதாக வையுங்கள். 1890-ல் பிறந்தவர், 1927-ல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலன் சிலையை அகற்றும் போராட்டத்தில் சிறை, 1937-ல் சென்னை சட்டசபை உறுப்பினர், கர்ப்பிணியாகவும் சிறையில் இருந்தவர். எழுத உட்கார்ந்தால் கை தானாக எங்கே போகும் தெரியுமா? காந்தி பேச, இவர் கைகூப்பிக் கேட்க ஒரு பக்கம். கம்பிக்குப் பின்னால் குழந்தையோடு கண்ணீர் இரண்டு பக்கம். கடைசியில் மாலை போட்ட படம். எட்டில் நாலு போச்சு. தம்ப்நெயில் (பக்கங்களின் சின்ன முன்வரைவு) போடும்போதே பிரித்துவிடுங்கள்: தாய்மைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை, சிலைப் போராட்டத்துக்கு மூன்று, சட்டசபையில் எழுந்து பேசுவதற்கு இரண்டு, மீதி இரண்டில் முதுநகரும் நெசவும். காந்தி வரும் கட்டத்தில் பேசும் பலூன் அம்மாளுக்கு இருக்கட்டும்.

வரைபவர்களிலேயே பெண்கள் குறைவு என்பார்கள். பிரான்சின் ஆங்குலேம் காமிக்ஸ் விழா 2016-ல் பெரிய பரிசுக்கு 30 பேரைப் பரிந்துரைத்தது. ஒரு பெண்கூட இல்லை. வரலாற்றில் பெண்கள் குறைவு என்பதே விழாத் தரப்பின் பதில். பெண் படைப்பாளிகள் புறக்கணிக்கச் சொன்னார்கள், ரியாத் சத்தூஃப் உட்படப் பட்டியலில் இருந்த ஆண்கள் சிலரே பெயரை எடுக்கச் சொன்னார்கள், பட்டியல் கைவிடப்பட்டது. 2019-ல் ரூமிகோ தகஹாஷி, 2022-ல் ஜூலி தூசே அந்தப் பரிசை வாங்கினார்கள். இருவரும் 2016-க்குப் பிறகு திடீரென முளைத்தவர்கள் அல்ல.

கடைசியாக, கல்லூரிகளில் காமிக்ஸ், அனிமே கிளப் நடத்துபவர்களுக்கு. புதிதாக வரும் பெண்ணிடம் “அந்த வில்லன் முதல்ல வந்த இதழ் எது சொல்லு” என்று பரீட்சை வைக்காதீர்கள். பையன்களிடம் யாரும் கேட்பதில்லை. காஸ்ப்ளே என்றால் கேட்டுத்தான் படம், கேட்டாலும் கேமரா நெஞ்சு உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, போஸுக்காகத் தொடக் கூடாது. வேஷம் போட்டது சம்மதம் ஆகாது என்று நியூயார்க் காமிக் கான் 2014-ல் பலகையே வைத்தது. நம் ஊரில் பலகை ஒட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். புகார் சொல்லப் போனால் யாரிடம் என்று தெரியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ன் சட்டப்படி கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். நிகழ்ச்சி கல்லூரியுடையது என்றால் அங்கே நடப்பதும் அந்தக் குழுவின் வரம்பில் வரும், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கலாம். குழுத் தலைவரின் பெயரையும் ஃபோன் நம்பரையும் அதே பலகையில், விதிகளுக்கு மேலே, பெரிய எழுத்தில் போடுங்கள். வாசலில் ஒன்று, உடை மாற்றும் அறையில் ஒன்று.